கூறு போட்டு விற்கும் ஆட்டுக்கும் லைசன்ஸா?

பெரட்டு முடிந்து ஆட்கள் நிரைக்குப் போன பிறகுதான் என் மருந்துக் கூடத்தில் கூட்டம் குறையும். அப்படி ஒரு காலை வேளையில், விரலுக்குக் கட்டுப் போட வந்த நம் லயத்து ஆள் ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். மன்றத்து சமன்.

"டிரெஸ்ஸரய்யா, பதினஞ்சு ஆடு வளர்க்கிறேன். ஞாயித்துக்கெழமை ஒண்ண வெட்டி, ரோட்டு முனையில மேச போட்டு விக்கிறேன். திருடினேனா, கள்ளச் சாராயம் வித்தேனா? லைசன்ஸ் இல்லன்னு சமன் குடுத்துட்டுப் போறான். எங்கப்பா காலத்துல இருந்து இந்தத் தோட்டத்துல கூறு போட்டுத்தான் வித்தோம். யாரு செத்தா?"

யாரு செத்தா என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய விரலைத்தான் பார்த்தேன். ஆட்டுத் தோலை உரிக்கும்போது கத்தி இழுத்துவிட்ட காயம். ஆழமில்லை. ஆனால் அவர் சர்க்கரை வியாதிக்காரர். மாதாமாதம் என்னிடம் மாத்திரை வாங்குகிறவர், சில மாதம் வாங்காதவர். அவர் கையில் இருந்த சமனைவிட அந்தக் காயம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மன்றத்துக்கு வக்காலத்து வாங்க நான் இந்தப் பக்கத்தில் எழுத வரவில்லை. தோட்டத்துச் சம்பளத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாதவர்கள்தான் ஆடு வளர்க்கிறார்கள், பால் கறந்து விற்கிறார்கள், பசார் மாலாமில் வடை சுட்டுப் போடுகிறார்கள். அந்தக் காசில்தான் பிள்ளையின் பள்ளிச் சீருடையும் மோட்டார் சைக்கிள் தவணையும் ஓடுகின்றன. அதில் கை வைத்தால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் "லைசன்ஸ், லைசன்ஸ்" என்று நாம் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறோமே, அது உண்மையில் ஒரு தாள் அல்ல. குறைந்தது மூன்று.

ஒன்று, கடை போடுவதற்கு ஊராட்சி மன்றமோ நகராண்மைக் கழகமோ கொடுப்பது. 1976-ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் அவர்களுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. கட்டணம் மன்றத்துக்கு மன்றம் வேறுபடும். பக்கத்து ஊர்க்காரர் கட்டியதை வைத்து உங்கள் ஊர்க் கட்டணத்தைக் கணக்குப் போடாதீர்கள். கொடுத்த லைசன்சைக் காரணம் சொல்லாமலே திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஏழை வியாபாரி விஷயத்தில் அது நியாயமில்லை என்பது என் கட்சி. அது வேறு நாளைக்கு.

இரண்டாவது, மிருகத்தைப் பற்றியது. இது கால்நடை இலாகாவின் வேலை. 1953-ஆம் ஆண்டின் மிருகச் சட்டம் என்று ஒன்று உண்டு. மிருகங்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோக அனுமதி, வெட்டும் தொட்டிக்கு வெளியே ஆடு மாடு வெட்ட அனுமதி எல்லாம் இந்த இலாகாவின் கீழ் வருகின்றன. ஹஜ்ஜுப் பெருநாளில் சூராவில் குர்பான் கொடுக்கிறார்களே, அவர்களும் இந்த அனுமதியை வாங்கித்தான் வெட்டுகிறார்கள். முனியாண்டி கோயில் கடாவுக்கு யாரும் கேட்பதில்லை என்பதால் சட்டம் நமக்கு இல்லை என்று ஆகிவிடாது.

மூன்றாவது, விற்கிற ஆளைப் பற்றியது. 1983-ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழ் 2009-இல் உணவுச் சுகாதார விதிகள் வந்தன. சாப்பாட்டுப் பொருளைக் கையால் தொட்டு விற்கிறவர் ஒரு நாள் பயிற்சிக்குப் போக வேண்டும், டாக்டரிடம் உடம்பைக் காட்ட வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஊசி 3 ஆண்டுக்கு நிற்கும். மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை என்று விதி சொல்கிறது.

மூன்றுக்கும் காசுதான். ஆனால் மூன்றும் ஒன்றல்ல. முதல் தாளில் நீங்கள் வாங்குவது ரோட்டோரத்தில் ஓர் இடம். இரண்டாவதில் வாங்குவது படித்த ஒருவரின் கண். வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை ஆட்டைப் பார்க்கும், வெட்டிய பிறகு ஈரலையும் நுரையீரலையும் பார்க்கும். மூன்றாவதில் வாங்குவது உங்கள் கையிலிருந்து அடுத்த வீட்டுப் பிள்ளையின் வயிற்றுக்குக் கிருமி போகாது என்ற உறுதி. நம் ஆட்களுக்குச் சமன் வருவது பெரும்பாலும் முதல் தாள் இல்லாததற்குத்தான். உயிர் சம்பந்தப்பட்டது மற்ற இரண்டும். அந்த இரண்டையும் கேட்டுத் தோட்டத்துக்குள் யாரும் வருவதில்லை. தோட்டம் தனியார் நிலம், கேட்டில் காவலாளி வேறு. வெளியூரில் பணம் கட்டிக் கிடைக்கிற அந்தக் கண், நம் லயத்துக்குப் பின்னால் இருக்கும் ஆட்டுக் கொட்டகைக்கு வந்ததே இல்லை.

இப்போது அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

பினாங்கில் நடந்தது இது. ஆட்டுப் பண்ணை வைத்திருந்த ஒருவருக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல். தலைவலி, சோர்வு, சாப்பாடு இறங்கவில்லை, உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரியில் டைபாய்டா, மலேரியாவா, எலிக் காய்ச்சலா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எதுவும் இல்லை. ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்தும் ஒன்றும் வளரவில்லை. காய்ச்சாத ஆட்டுப் பாலைக் குடிக்கிறேன், அதையே வெளியிலும் விற்கிறேன் என்று அவர் சொன்ன பிறகுதான் டாக்டர்களுக்குப் பொறி தட்டியது. புரூசெல்லோசிஸ் என்ற நோய்க்குப் பரிசோதித்தார்கள். இருந்தது. அடுத்த ஓர் ஆண்டுக்குள் அதே பண்ணைப் பாலைக் குடித்த 79 பேருக்கு அந்த நோய் கண்டது. ரத்த மாதிரியைக் கையாண்ட பரிசோதனைக்கூட ஊழியர்கள் 4 பேரையும் அது பிடித்தது. 2015-இல் டாக்டர்கள் இதை மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். காய்ச்சல் தொடங்கி நோய் இன்னதென்று கண்டுபிடிக்க ஆளுக்குச் சராசரி 53 நாள் ஆகியிருக்கிறது. ஒருவருக்கு 210 நாள்! ஆறு வாரம் இரண்டு வகை மாத்திரை சாப்பிட்டும், மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு கோளாறு மிச்சம் நின்றது. நூற்றுக்கு 21 பேருக்கு நோய் திரும்பி வந்தது.

210 நாள் காய்ச்சலோடு பால் மரம் வெட்ட முடியுமா, குலை தூக்க முடியுமா? எத்தனை நாள் எம்.சி. கிடைக்கும்? கிராணி ஒரு மாதம் பொறுப்பார். அப்புறம்?

அந்த அறிக்கையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பல வருஷம் முன்னால், நான் வேலை பார்த்த தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு விட்டு விட்டு வந்த காய்ச்சல். முதுகு வலி, மூட்டு வலி, இரவில் பாய் நனைகிற மாதிரி வியர்வை. காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன், ஊசி போட்டேன், பெரிய ஆஸ்பத்திரிக்கும் எழுதிக் கொடுத்தேன். "காய்ச்சாத பால் குடிச்சீங்களா, ஆடு குட்டி போட்டப்ப கிட்ட இருந்தீங்களா" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கே தெரியாது. அவருக்கு இருந்தது என்ன நோய் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. குடும்பத்தோடு தோட்டத்தை விட்டுப் போய்விட்டார்கள். இப்போதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் என்று யார் வந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை. நான் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள்.

ஆட்டுப் பாலைக் கறந்த சூட்டோடு குடித்தால் இளைப்பு நிற்கும், நெஞ்சுச் சளி கரையும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சூட்டில் எந்தக் கிருமியும் சாகாது. தொழிற்சாலையில் பாலை 63 டிகிரியில் அரை மணி நேரம் வைக்கிறார்கள், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி. நமக்குத் தெர்மாமீட்டர் வேண்டாம். பொங்கி மேலே வரட்டும், தீயைக் குறைத்து இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள், போதும். பால் விற்கிறவர்கள் வாங்குகிறவரிடம் "காய்ச்சிக் குடிங்க" என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். சினை ஆடு காலத்துக்கு முன்னால் குட்டியைத் தள்ளிவிட்டால் வெறுங்கையால் எடுக்காதீர்கள். கர்ப்பிணிப் பெண்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஒரே மந்தையில் இரண்டு மூன்று ஆடு அப்படிக் குட்டி தள்ளினால் கால்நடை இலாகாவுக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வந்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

"பால் சரி. எறைச்சிய வேக வச்சுத்தானே சாப்பிடுறோம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நன்றாக வெந்த கறியைச் சாப்பிடுகிறவருக்கு ஆபத்து குறைவுதான். ஆபத்து முதலில் வெட்டுகிறவருக்கும் உரிக்கிறவருக்கும் குடல் கழுவுகிற பெண்களுக்கும். இதை நாடே பார்த்துவிட்டது.

1998 கடைசியில் ஈப்போவைச் சுற்றிய பன்றிப் பண்ணைகளில் ஒரு மூளைக் காய்ச்சல் தொடங்கியது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று நினைத்துப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். கொசு என்றால் பிள்ளைகளையும்தானே கடிக்கும்? ஆனால் படுத்தவர்களில் பெரும்பாலோர் பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரிய ஆம்பிளைகள். நம்மவர்களும் அதில் இருந்தார்கள். இதற்கிடையே பேராவிலிருந்து பன்றிகள் லாரியில் தெற்கே போயின. நோயும் கூடவே போய் நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் பக்கம் இறங்கியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் இது ஒரு புதிய கிருமி என்று கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அதற்கு நிப்பா என்று பெயர். 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள். சுமார் 11 லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். சிங்கப்பூரில் 11 பேருக்கு வந்தது, ஒருவர் இறந்தார். அவர்கள் யாரும் பண்ணை வைத்தவர்கள் அல்ல. மலேசியாவிலிருந்து போன பன்றிகளை வெட்டும் தொட்டியில் வேலை செய்தவர்கள்.

யாரு செத்தா என்றால், இவர்கள்தான். மிருகத்தை ஊர் விட்டு ஊர் கொண்டுபோக ஏன் ஒரு தாள் கேட்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. அந்தக் கிருமி பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கு வந்தது என்பது பின்னால் தெரிந்தது. வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது. பன்றிக் கொட்டகைக்கு மேலே மாமரம் கவிந்திருந்தால் இன்றைக்கே கிளையை வெட்டிவிடுங்கள்.

இனி அந்த விரல் காயம். நம் நாட்டு மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி இருக்கிறது. ஆட்டையும் இது நன்றாகப் பிடிக்கும். நுரையீரலிலும் ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க் கட்டி கட்டிவிடும். வெளியே பார்த்தால் ஆடு கொஞ்சம் இளைத்திருக்கும், இருமும், அவ்வளவுதான். மனிதருக்கு இது பெரும்பாலும் மண்ணிலிருந்தும் சேற்று நீரிலிருந்தும் காயத்தின் வழியாகவோ மூச்சு வழியாகவோ வருவது. ஆனால் அந்தக் கட்டியைக் கத்தியால் கீறி, அதே கத்தியால் உங்கள் விரலையும் கீறிக்கொண்டால் அதுவும் ஒரு வழிதான். சர்க்கரை வியாதிக்காரர்களைத்தான் இது முக்கியமாகத் தேடிப் பிடிக்கிறது. பிடித்தால் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் ஊசி, அப்புறம் மூன்று மாதம் மாத்திரை. தாமதமானால் ஆளையே கொண்டு போய்விடும். நம் இனத்தில் சர்க்கரை எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் அவரிடம் சமனைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், "கையில் உறை போட்டுக்கொண்டு உரியுங்கள், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஓடி வாருங்கள்" என்று சொன்னேன்.

படித்த கண் நம் கொட்டகைக்கு வராதவரை, அது என்ன பார்க்கும் என்பதையாவது நாம் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். வெட்டுவதற்கு முன் ஆடு நான்கு காலில் நேராக நிற்கிறதா, நடக்கிறதா, மூக்கில் சளி ஒழுகுகிறதா, கழிச்சல் உண்டா, மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். படுத்துக் கிடக்கிற ஆட்டை, "சாகறதுக்குள்ள வெட்டிடுவோம்" என்று அவசரமாக வெட்டுவது நம்மிடம் உள்ள பழக்கம். அது விற்கும் கறி அல்ல. வெட்டிய பிறகு ஈரலைத் தட்டில் வைத்து விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று ஒரே நிறமாக இருக்க வேண்டும். கட்டி, வெள்ளைப் புள்ளி, உள்ளே தட்டைப் புழு, சீழ் இருந்தால் விடுங்கள். நுரையீரல் பஞ்சு மாதிரி அமுங்க வேண்டும். பல இடத்தில் சீழ்க் கட்டி இருந்தால் அந்த ஒரு துண்டை மட்டும் அறுத்து எறிந்துவிட்டு மற்றதைக் கூறு போடக் கூடாது. முழு ஆடும் போக வேண்டியதுதான். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசன வாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வடிகிற மிருகத்தை வெட்டித் திறக்கவே கூடாது. ஆந்த்ராக்ஸ் அரிதுதான். ஆனால் திறந்துவிட்டால் அதன் விதை மண்ணில் பல ஆண்டு கிடக்கும்.

செத்ததை என்ன செய்வது? ஆற்றில் தள்ளுவதையும், நாய்க்குப் போடுவதையும், ஏன், பாதி விலைக்கு வெளியாருக்கு விற்பதையும்கூட நான் பார்த்திருக்கிறேன். பெரிய நாடுகளில் இதற்கென்றே ஆலை உண்டு. வெட்டும் தொட்டியில் மிஞ்சிய எலும்பு, குடல், செத்த மாடு எல்லாவற்றையும் அங்கே வேக வைத்துக் கொழுப்பை உருக்கி எடுப்பார்கள். சோப்புக்கும் மெழுகுவர்த்திக்கும் அந்தக் கொழுப்பு போகும். மிஞ்சும் சக்கையை அரைத்து எலும்புத் தூளாக்கி உரத்துக்கும் தீனிக்கும் விற்பார்கள். அதற்கும் கடுமையான லைசன்ஸ் உண்டு. ஏன் தெரியுமா? பிரிட்டனில் அந்தத் தூளை மாட்டுக்கே தீனியாகக் கொடுத்தார்கள். 1986-இல் அங்கே மாடுகளுக்குப் பைத்திய நோய் கண்டது. மூளை கடற்பஞ்சு மாதிரி ஓட்டை விழுந்து, தள்ளாடி விழுந்தன. 1988-இல் அந்தத் தீனியைத் தடுத்தார்கள். ஆனால் அந்த மாட்டிறைச்சியிலிருந்து மனிதருக்கும் நோய் வந்திருக்கக் கூடும் என்று 1996-இல்தான் அரசாங்கம் வாய் திறந்தது. அங்கே 170-க்கும் மேற்பட்டவர்கள், அதில் இளவட்டங்கள் நிறையப் பேர், அந்த நோயில் இறந்தார்கள். வேக வைத்தாலே எல்லாம் செத்துவிடும் என்று நம்பியது அங்கே பொய்த்தது.

நமக்கு அந்த ஆலை இல்லை. மண்வெட்டிதான் இருக்கிறது. கிணற்றுக்கும் ஓடைக்கும் தூரமாக, நாய் தோண்ட முடியாத ஆழத்துக்கு, ஆளளவு குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். குழி வெட்ட இடம் கேட்டால் நிர்வாகம் மறுப்பதில்லை என்பது என் அனுபவம். கேட்காமல் வெட்டினால்தான் தகராறு.

முறையாக விற்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். விளைந்ததையும் வளர்த்ததையும் தரகர் இல்லாமல் விற்பதற்கென்று ஃபாமா 1985-இல் உழவர் சந்தையைத் தொடங்கியது. பசார் தானி என்று போர்டு பார்த்திருப்பீர்கள். அங்கே இடத்துக்கு ஃபாமா அலுவலகத்திலேயே மனு கொடுக்கலாம். தனி ஆளாகப் போவதைவிட, ஆடு வளர்ப்பவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து போனால் செலவு பங்காகும். பாரம் மலாயில் இருக்கும். பிள்ளைகளை நிரப்பச் சொல்லுங்கள். பயிற்சிக்கும் டைபாய்டு ஊசிக்கும் தனியார் கிளினிக்கில் விலை ஏறக்குறைய இருக்கும், இரண்டு மூன்று இடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஊசி போட்ட அட்டையைத் தொலைத்துவிட்டுத் திரும்பவும் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

சமன் வாங்கியவர் சென்ற வாரம் மறுபடியும் வந்தார். விரல் ஆறிவிட்டது. அபராதம் கட்டியாயிற்று. பாரம் பாதி நிரப்பியிருக்கிறார், மீதிப் பாதி மகள் பள்ளி விடுமுறைக்கு வர வேண்டுமாம். போவதற்கு எழுந்தவர் வாசலில் நின்று சொன்னார்: "போன ஞாயித்துக்கெழம வெட்டுன ஆட்டுல, நீங்க சொன்ன மாதிரியே ஈரல் பூரா கட்டி. விக்கல. பொதச்சிட்டேன். ஒரு ஆடு வெல போச்சு. இத யாருகிட்டப் போயிக் கேக்கிறது?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த கிளைக் கூட்டத்தில் அதை எழுந்து கேட்கச் சொல்லியிருக்கிறேன். நானும் போகிறேன்.